வரித்தலை வாத்தின் வரவும் ஏரிக்கரையார் எழுதவேண்டிய கணக்கும்

கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகியாகவும் மணிமுக்தாவாகவும் இறங்கி, அடிவாரத்து அணைகளில் தங்கி, வாய்க்கால்கள் வழியே ஏரிகளைச் சேர்ந்தபின், கள்ளக்குறிச்சிச் சீமைக் குடியானவர் முதலில் நோக்குவது மடையில் எத்தனை அடி ஜலம் நிற்கிறது என்பதையே. அது நியாயமே. அந்த ஜலத்தை நம்பியன்றோ நெல்லும் கரும்பும் நிற்கின்றன! ஆனால் அதே ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அதே நீர்ப்பரப்பின்மீது வேறொரு வரவும் நிகழ்கின்றது. தாராக்களும், நாரைகளும், உள்ளான்களும் வந்திறங்கி, தை மாசி வரையில் தங்கி, பங்குனி வெயில் ஏறுமுன் எழுந்து போய்விடுகின்றன. நீர்மட்டத்துக்குக் கணக்கு உண்டு. வந்துபோகும் இந்த விருந்தினருக்கோ பெரும்பாலான கிராமங்களில் கணக்கென்பதே இல்லை. "முன்னெல்லாம் பெரிய பெரிய வாத்து வரும்" என்று கிராமத்து முதியவர் கூறுவதுண்டு. எந்த வருஷம், எந்த மாதம், எத்தனை பட்சி என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை. இக்கணக்கினால் விளையும் பயன் யாது, அதை எழுதத் தகுந்தவர் யாவர் என்பன, ஓர் அரிய பட்சியின் வரலாற்றைக் கொண்டு இங்கே விளக்கப்படுகின்றன.

கள்ளக்குறிச்சிக்கு அண்மையிலுள்ள ஜில்லாக்களில் நீர்ப்பறவைகளுக்கெனக் காக்கப்படும் இடங்கள் இரண்டு விசேஷமாகக் குறிப்பிடத்தக்கவை. 2019-ஆம் ஆண்டில் கள்ளக்குறிச்சி தனி ஜில்லாவாகும்வரை அதற்குத் தாய் ஜில்லாவாயிருந்த விழுப்புரத்தில், மரக்காணத்தையொட்டி, கடல்நீரும் மழைநீரும் கலந்து நிற்கும் கழுவெளி என்னும் பெருந்தாழ்வு ஒன்று உண்டு. இது 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக விளம்பரம் செய்யப்பட்டது. மற்றொன்று அரியலூர் ஜில்லாவிலுள்ள கரைவெட்டி ஏரி. ஏறக்குறைய 450 ஹெக்டேர் பரப்புள்ள இது, தமிழ்நாட்டின் உள்நாட்டு நன்னீர்த் தேக்கங்களில் பெரியவற்றுள் ஒன்று. புள்ளம்பாடி வாய்க்கால் வழியே காவிரி நீரும் இதற்கு வந்துசேரும். 198 வகைப் பட்சிகள் இங்கே காணப்பட்டதாகக் கணக்கிருக்கின்றது. 2024-ஆம் ஆண்டில் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலாகிய ராம்சார் பட்டியலில் கரைவெட்டியும் கழுவெளியும் ஆகிய இரண்டுமே இடம் பெற்றன. கரைவெட்டி ஏரியின் ஜலத்தைக் கொண்டு சுற்றுக் கிராமத்தார் நெல், கரும்பு, பருத்தி, சோளம், துவரை முதலியவற்றைச் சாகுபடி செய்கின்றனர். சரணாலயம் என்றால் குடியானவனை விரட்டிவிட்டு வேலி போடும் காரியம் என்று எண்ணுவோர் இதைக் கவனிக்கவேண்டும்.

அவ்வேரிக்குப் பட்சி நோக்குவோரைத் தூரதேசங்களிலிருந்தும் வரவழைக்கும் விருந்தாளி வரித்தலை வாத்து என்பதாகும். பட்டைத்தலை வாத்து என்றும் இதனைக் கூறுவர். உடல் வெளிறிய சாம்பல் நிறம், தலை வெண்மை, அவ்வெண்மையின் பின்புறத்தில் மையால் இழுத்தாற்போல இரண்டு கருங்கோடுகள். கழுத்தின் பக்கங்களில் வெள்ளைக் கீற்று ஒன்று மேலிருந்து கீழ்நோக்கி ஓடும். அலகும் கால்களும் ஆரஞ்சு கலந்த மஞ்சள். அலகின் நுனி மட்டும் கறுப்பு. ஏறக்குறைய இரண்டு முதல் மூன்று கிலோகிராம் நிறையுள்ளதாதலின், வளர்ப்புத் தாராவைவிட இது தெளிவாகப் பெரியது. இருண்ட இறக்கையும் அலகின்மேல் கொம்மையுமுடைய செண்டு வாத்தை இதனோடு சிலர் மயங்குவர். அலகின் நுனியில் மஞ்சளும் உடலெங்கும் புள்ளியும் கொண்ட புள்ளிமூக்கு வாத்தையும் மயங்குவதுண்டு. தலையின் இருகோட்டை ஒருமுறை கண்டவர் பிறகு தவறார்.

வட இந்தியாவின் பெரிய நீர்த்தேக்கங்களில் இவ்வாத்து ஆயிரக்கணக்கில் கூடும். ஹிமாசலப் பிரதேசத்துப் போங் அணையில் பல பதினாயிரம் சேர்வதுண்டு. கர்நாடகத்துக் கடக் ஜில்லாவின் மாகடி ஏரியிலும் பெருங்கூட்டமாகத் தங்குகின்றது. தமிழ்நாட்டிலோ கரைவெட்டி, திருநெல்வேலிச் சீமைக் கூந்தன்குளம் போன்ற சில இடங்களிலே மாத்திரம் சிறு கூட்டங்களாக வருகின்றது. ஆதலால் தெற்கே அது அரிய பட்சியே. ஒரு ஏரியில் ஒரு வருஷம் இறங்கி மறுவருஷம் வாராதொழிவதும் உண்டு. வருமா வாராதா என்பது ஏரியின் நீரையும், சுற்றியுள்ள மேய்ச்சலையும், மனிதர் தரும் தொல்லையையும் பொறுத்தது.

இது முட்டையிடும் இடம் திபேத்து, மங்கோலியா, கிர்கீஸ் நாடு முதலான உயர்ந்த மேட்டுநிலங்களிலுள்ள ஏரிக்கரைகள். அங்கே கோடையில் தரையில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்து, பனி இறுகத் தொடங்கியதும் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றது. இடையில் நிற்பது இமயமலை. பல பட்சிகள் மலையைச் சுற்றியும் கணவாய்களைத் தேடியும் போக, இவ்வாத்து அதன் குறுக்கே பறந்து வருகின்றது. எவரெஸ்ட் சிகரத்துக்கும் மேலே இது பறக்கும் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. 2011, 2015-ஆம் ஆண்டுகளில் வெளியான ஆராய்ச்சிகளில், பட்சிகளின்மீதும் உடலுள்ளும் சிறு கருவிகள் வைத்து அளந்து பார்த்தபோது விஷயம் தெளிவாயிற்று. அளக்கப்பட்டவற்றுள் மிக உயரப் பறந்தது ஏறக்குறைய 7,290 மீட்டரை எட்டியது. ஆயினும் பெரும்பாலும் அவை 5,500 மீட்டருக்குக் கீழேயே, மலைச்சரிவு ஏறுமிடத்தில் ஏறியும் இறங்குமிடத்தில் இறங்கியும் பறந்தன. ஒரேயடியாக மேலே ஏறி அங்கேயே நின்று பறப்பதைவிட இவ்வாறு மேடுபள்ளத்தைத் தழுவிப் பறப்பதில் சக்தி குறைவாகச் செலவாகின்றது என்று கண்டனர். காற்று குளிர்ந்து அடர்ந்திருக்கும் இரவிலும் விடியலிலும் மலையேறுவதையே அவை விரும்புகின்றன. அவற்றின் இரத்தம் பிராணவாயுவை மற்ற வாத்துக்களின் இரத்தத்தைவிட இறுகப் பற்றும் இயல்புடையது, நுரையீரலும் பெரிது. அளந்து அறிந்த இந்த உண்மை, அளவாத புகழ்ச்சியைவிட ஆச்சரியம் குறைந்ததன்று.

மங்கோலியாவில் குஞ்சு பொரித்த வாத்தே கர்நாடகத்து வயலில் மேய்கின்றது என்பது எவ்வாறு தெரியவந்தது? அங்கே பட்சிகளைப் பிடித்து, கழுத்தில் எழுத்தும் எண்ணும் பொறித்த பட்டையிட்டு விடுவித்தனர். இங்கே ஏரிக்கரையில் தூரக்கண்ணாடியுடன் நின்ற ஒருவர் அவ்வெழுத்தைப் படித்துக் குறித்துக்கொண்டார். குறித்ததோடு நில்லாமல் உரியவருக்கு அறிவித்தார். அவ்வளவே. படித்ததைத் தம்மோடு வைத்துக்கொண்டிருந்தால் பட்டையிட்டவரின் பாடும் வீண். பட்சியின் வழியும் இருள்.

இவ்வாறு கண்டதைக் கூடிப் பகிரும் வழக்கத்துக்கு இந்நாட்டில் அடிகோலியவர்களுள் முதன்மையானவர் விவசாய இலாகாவோடு தொடர்புடையவர் என்பதை இப்பத்திரிகையைப் படிப்போர் அறிந்துகொள்ளுதல் தகும். 1871-ஆம் ஆண்டில் இந்திய சர்க்கார் வருவாய், விவசாயம், வர்த்தகம் ஆகியவற்றுக்கு ஒரு தனி இலாகாவை ஏற்படுத்தியபோது அதன் காரியதரிசியாக அமர்ந்தவர் ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம். பிற்காலத்தில் காங்கிரஸ் மகாசபையைத் தோற்றுவிக்க முன்னின்றவரும் இவரே. இவர் நாடெங்குமுள்ள உத்தியோகஸ்தர்களும் மற்றவர்களும் கண்டு எழுதியனுப்பிய பட்சிக் குறிப்புக்களைத் திரட்டி, "ஸ்ட்ரே பெதர்ஸ்" என்னும் பத்திரிகையில் 1872-ஆம் ஆண்டு முதல் வெளியிட்டுவந்தார். அப்பத்திரிகை இன்றும் ஆராய்ச்சியாளருக்கு ஆதாரமாயிருக்கின்றது. ஆனால் இருபத்தைந்து வருஷங்களாக அவர் தம் பெருநூலுக்கெனச் சேர்த்து வீட்டில் வைத்திருந்த கையெழுத்துப் பிரதிகளோ, 1885-ஆம் ஆண்டையொட்டி, அவர் சிம்லாவில் இல்லாத சமயத்தில் வேலைக்காரனால் பழைய காகித விலைக்கு விற்கப்பட்டு மறைந்தன. மனமுடைந்த ஹ்யூம் பட்சி ஆராய்ச்சியையே துறந்து, தம் சேகரங்களை லண்டன் பொருட்காட்சிச் சாலைக்கு அளித்துவிட்டார். பலருக்கும் அனுப்பிப் பகிர்ந்த குறிப்பு பிழைத்தது. பெட்டியில் பூட்டிய குறிப்பு கடைச்சரக்கு மடிக்கப் போயிற்று.

அவருக்குப்பின் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் இப்பணியைத் தொடர்ந்தது. 1959-ஆம் ஆண்டு முதல் பல்லாண்டுகள் ஸாலிம் அலியின் தலைமையில் பட்சிகளின் காலில் வளையமிடும் வேலை பெருமளவில் நடந்தது. ஏறக்குறைய அதே சமயத்தில் ஸபர் புதேஹல்லி என்பவர் பட்சி நோக்குவோருக்கென ஒரு சிறு செய்தித்தாளை ஆரம்பித்தார். ஒருவர் கண்டதை மற்றவர் அறிய அக்காலத்தில் ஒரு மாதம் ஆகும். இன்று அமெரிக்கக் கார்னெல் பறவையியல் நிலையமும் ஆடுபான் சங்கமும் 2002-ஆம் ஆண்டில் தொடங்கிய "ஈபேர்ட்" என்னும் பொதுப்பேரேட்டில், ஏரிக்கரையில் நின்றபடியே கைப்பேசியால் கணக்கைப் பதிந்துவிடலாம். தமிழ்நாட்டிலோ 2015-ஆம் ஆண்டு முதல் பொங்கல் நாட்களில் ஆர்வலர்கள் தத்தம் ஊரிலேயே பட்சிகளை எண்ணிப் பதியும் வழக்கம் ஏற்பட்டிருக்கின்றது. அறுவடையும் விடுமுறையும் வடக்கத்திய பட்சிகளும் ஒருங்கே வந்துசேரும் வாரம் அது. இதைவிடப் பொருத்தமான காலம் கிடைப்பதரிது. இவ்வாறு ஏறக்குறைய 30,000 பேர் எழுதிய மூன்று கோடிக் குறிப்புக்களை ஆதாரமாகக் கொண்டு, 942 வகைப் பட்சிகளின் நிலையை ஆராய்ந்த தேசிய அறிக்கை ஒன்று 2023-ஆம் ஆண்டில் வெளிவந்தது. எழுதியவர்களில் பெரும்பாலோர் சம்பளம் பெறும் ஆராய்ச்சியாளரல்லர். பள்ளிக்கூட உபாத்தியாயர், மாணவர், வைத்தியர், வியாபாரி போன்றோர்.

கணக்கு இருந்தால் என்ன தெரியும் என்பதற்கு ராஜஸ்தானத்துப் பரத்பூர் உதாரணம். அங்குள்ள கேவலாதேவ் நீர்நிலைக்கு வெண்ணிறமுள்ள ஸைபீரியக் கொக்குகள் குளிர்காலந்தோறும் வந்துகொண்டிருந்தன. 1964-65-ஆம் ஆண்டில் ஏறக்குறைய 200 எண்ணப்பட்டன. பின்னர் வருஷந்தோறும் தொகை குறைந்துகொண்டே வந்து, 2001-2002 குளிர்காலத்தில் ஒரே ஒரு ஜோடி வந்தது. அதற்குப்பின் ஒன்றும் வரவில்லை. அவை கடந்துவரும் வழிநெடுக வேட்டையும் நீர்நிலைகளின் அழிவும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. வருஷவாரியாக எண்ணிக்கை இருந்தபடியால், நஷ்டம் எப்பொழுது தொடங்கியது, எவ்வளவு வேகமாயிற்று என்பதையேனும் அறியமுடிகின்றது. கணக்கெழுதாத ஓர் ஏரியில் இவ்வாறு ஓர் இனம் அற்றுப்போனால், அற்றுப்போனது என்பதுகூட யாருக்கும் தெரியாது. ஏரிவாயில் ஆக்கிரமிக்கப்படும்போதோ, வண்டல் மூடும்போதோ, "இங்கே என்ன இருந்தது?" என்று அதிகாரிகள் வினவினால், காட்டுவதற்கு ஒரு காகிதமும் இராது.

பகிர்வதிலும் ஒரு வரையறை வேண்டும். அரிய பட்சி ஒன்று இறங்கியதென்ற செய்தி ஒருமணி நேரத்தில் பரவிவிடுகின்றபடியால், மறுநாள் விடியலில் கரைமீது வண்டிகள் நிறைந்துவிடக்கூடும். படம் பிடிக்கும் ஆவலில் சேற்றில் இறங்கி நெருங்குவோரும், பட்சி பறக்கும் காட்சி வேண்டுமென்று கல்லெறிவோரும் உண்டு. வாத்துக் கூட்டம் ஒவ்வொரு முறை எழும்பும்போதும், வடக்கே திரும்பும் பயணத்துக்கென உடலில் சேர்த்த கொழுப்பில் ஒரு பங்கு வீணாகின்றது. வரப்பை மிதித்துச் சரிப்பதும் இவர்களே என்று குடியானவர் முறையிட்டால் அதில் தவறில்லை. கூடு கட்டியிருக்கும் இடத்தையும், வேட்டைக்காரர் நாடும் இனங்களின் இருப்பிடத்தையும் துல்லியமாக வெளியிடலாகாது என்பது பட்சி நோக்குவோரிடையே ஒப்புக்கொள்ளப்பட்ட நெறி. மேற்படி பொதுப்பேரேட்டிலும் ஆபத்துக்குள்ளான சில இனங்களின் இடத்தை மறைத்தே காட்டுகின்றனர். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இப்பட்சிகளைச் சுடுவதும் கண்ணிவைப்பதும் குற்றமாதலால், அத்தகைய செயலைக் கண்டால் வனச்சரக அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டும்.

கண்டேன் என்ற சொல் மாத்திரம் போதாது என்பதும் கவனிக்கத்தக்கது. ஓர் ஜில்லாவில் வழக்கமில்லாத பட்சியை ஒருவர் பதிந்தால், பொறுப்பேற்றிருக்கும் பரிசோதகர் அதனை உடனே ஏற்பதில்லை. படம் உண்டா, எவ்வளவு தூரத்தில், என்ன அடையாளம் என்று கேட்கிறார். சிலர் இதனை அவமதிப்பென்று கருதுவதுண்டு. விதையை முளைப்பு பார்த்தபின்னன்றோ விதைக்கின்றோம்? அவ்விதமே இதுவும். நூறு சரியான குறிப்புக்களின் மதிப்பை ஒரு தவறான குறிப்பு குலைத்துவிடும்.

இனி, இவ்வாத்தினால் வயலுக்கு நன்மையா தீமையா என்ற கேள்வி எழும். இது புல்லும் இளந்தளிரும் சிந்திய தானியமும் தின்னும் பட்சி. பகலில் நீரிலோ திட்டிலோ ஓய்ந்திருந்து, மாலை மங்கியதும் மேய்ச்சலுக்குப் புறப்பட்டு, விடியலில் திரும்புவது இதன் வழக்கம். வடக்கே பெருங்கூட்டமாக இளங் கோதுமையில் இறங்குமிடங்களில் குடியானவர்களுக்கு மனத்தாங்கல் இருப்பது உண்மையே. அதை மறைப்பதில் பயனில்லை. தெற்கே வருபவை சொற்பம். அவை வரும் மார்கழி, தை மாதங்களில் சம்பா கதிர் முற்றியோ அறுவடையாகியோ இருக்குமாதலின், தாளடியிலும் கரைப்புல்லிலும் மேய்வதனால் நேரும் சேதம் பொருட்படுத்தத்தக்கதன்று. நீர்ப்பறவைகளின் எச்சமோ ஏரிநீருக்கு உரமாகின்றது. செங்கற்பட்டுச் சீமை வேடந்தாங்கலில் கூடும் ஆயிரக்கணக்கான பட்சிகளின் எச்சம் கலந்த ஜலத்தைப் பாய்ச்சிப் பயனடைந்த கிராமத்தார், பட்சிகளைச் சுடலாகாதென்று வற்புறுத்தி, 1798-ஆம் ஆண்டில் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸிடம் அதற்கான உரிமையைப் பெற்றனர். சரணாலயம் என்ற சொல்லே வழக்கில் இல்லாத காலத்தில், உழுபவர் தம் ஆதாயம் கருதிச் செய்த ஏற்பாடு அது.

கள்ளக்குறிச்சியார் கருதவேண்டிய மற்றொரு விஷயம் பறவைக் காய்ச்சல். 2005-ஆம் ஆண்டில் சீனத்துச் சிங்ஹாய் ஏரியில் இந்நோயினால் ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் மாண்டபோது, அவற்றுள் வரித்தலை வாத்துக்களே அதிகம். 2020-ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் போங் அணையிலும் அவ்வாறே நிகழ்ந்தது. நீர்க்கரையில் காவல் சுற்றியவர்கள் இறந்த வாத்துக்களைக் கண்டு உடனே அறிவித்தனர். மாதிரிகள் போபாலிலுள்ள ஆய்வு நிலையத்துக்குச் சென்று நோய் இன்னதென்று நிர்ணயமாயிற்று. அதே வாரங்களில் கேரளத்து ஆலப்புழை, கோட்டயம் ஜில்லாக்களில் வளர்ப்புத் தாராக்களிடையே நோய் கண்டது. அங்கே கண்ட கிருமி வேறு வகையாதலால், ஓரிடத்துக் குற்றத்தை மற்றோரிடத்துப் பட்சியின்மீது சுமத்துவது தவறு. வளர்ப்புக் கோழியிலிருந்தும் தாராவிலிருந்தும் காட்டுப்பறவைக்கு நோய் செல்வதும் உண்டு. இப்பகுதியிலோ அறுவடையான வயலில் தாரா மந்தைகளை ஓட்டிவந்து மேய்ப்பது பழைய பழக்கம். மந்தையும் வந்தேறிப் பட்சிகளும் ஒரே நீரில் இறங்குவது சகஜம். ஆகவே ஏரியில் பட்சிகள் ஒருங்கே இறந்தோ, கழுத்தைத் திருகிக்கொண்டு தள்ளாடியோ காணப்பட்டால், அதனை முதலில் காண்பவர் வாய்மூடியிருப்பது ஊர்க்கோழிக்கே ஆபத்தாகும்.

முதலில் காண்பவர் யார்? பட்டணத்திலிருந்து மாதம் ஒருமுறை வருபவரல்லர். விடியுமுன் மடைதிறக்கப் போகும் நீர்பாய்ச்சியும், மந்தையோட்டும் சிறுவனும், கரும்புக்கு நீர் கட்டுபவருமே. கல்வராயன் மலைமீது வசிக்கும் மலையாளிக் குடியானவர்களுக்குக் காட்டுப்பட்சிகளைப்பற்றிய அநுபவம் நூல்களில் ஏறாதது இன்னும் ஏராளம். இவர்களுடைய கண்ணுக்குக் குறைவில்லை. எழுத்தில் ஏற்றுவாரில்லாததே குறை. கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, உபாத்தியாயர் மாணவரைக்கொண்டு எழுதிவந்தால் குறை தீரும்.

எழுதவேண்டியது அதிகமில்லை. தேதி, நேரம், ஏரியின் பெயர், ஏறக்குறைய எவ்வளவு நீர் நின்றது, எந்தப் பட்சி எத்தனை, அவை நீரிலிருந்தனவா, கரையில் மேய்ந்தனவா என்பன போதும். எண்ணமுடியாத கூட்டமாயின் பத்துப் பத்தாகக் கண்ணால் வகுத்து மதிப்பிடலாம். "ஏராளம்" என்றெழுதுவதில் பயனில்லை. பெயர் தெரியாவிடின் நிறம், அலகு, கால் இவற்றின் அடையாளத்தையேனும் எழுதி, கூடுமாயின் படமும் எடுத்துவைக்கவேண்டும். காலில் வளையமோ கழுத்தில் பட்டையோ இருப்பின் அதன் நிறத்தையும் எழுத்தையும் தவறாது குறிக்கவேண்டும். பட்சி ஒன்றும் காணப்படாத நாளிலும் "ஒன்றுமில்லை" என்று எழுதுதல் அவசியம். இதைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987-ஆம் ஆண்டு முதல் ஜனவரி மாதந்தோறும் நடந்துவருவதால், ஜனவரியில் எழுதும் கணக்கை வனத்துறையினரிடமோ பொங்கல் கணக்கெடுப்பில் ஈடுபடும் ஆர்வலரிடமோ சேர்ப்பித்தால் அதுவும் பயன்படும். இறந்த பட்சியையோ நோயுற்ற பட்சியையோ வெறுங்கையால் தொடலாகாது. சமைத்தல் கூடவே கூடாது. மந்தையை அந்நீரிலிருந்து விலக்கிக்கொண்டு, அருகிலுள்ள கால்நடை மருத்துவருக்கு அன்றைக்கே ஆளனுப்பவேண்டும்.